புது ஸ்லாட் மெஷினை யார் சோதிப்பது? கேசினோ கண்காணிப்பில் நான்கு வழிகள்

2025 ஆகஸ்டில் இலங்கைப் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே மாதம்தான் கொழும்பில் சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் கேசினோவும் திறந்தது. அன்றிலிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது. கேசினோ வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், கேசினோ வந்துவிட்டது. நாளைக்கு ஒரு நிறுவனம் புது மாதிரி ஸ்லாட் மெஷினையோ (காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் படங்கள் சுழன்று நிற்கும் சூதாட்ட இயந்திரம்) செல்போன் ஆப்பையோ கொண்டுவந்து "அனுமதி கொடுங்கள்" என்று நின்றால், புதிதாக உட்காரும் அதிகாரிகள் யாரைப் பார்த்து நடந்துகொள்வது? அமெரிக்காவையா, பிரிட்டனையா, சிங்கப்பூரையா?

தடை செய்வதும் ஒரு வழிதான். இந்தியா அதே ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் மொத்தத்தையும் தடை செய்தது. ஆனால் தடை போட்ட இடத்தில் மெஷினைச் சோதிக்கும் வேலை இல்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை. அனுமதிப்பது என்று முடிவெடுத்த பிறகு எப்படிக் கண்காணிப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

## முதலில், எதை வைத்து எடை போடுவது

இந்த விஷயத்தைப் பேசுகிற பலரும் "மெஷின் நேர்மையானதா" என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். என் கணக்கில் நான்கு கேள்விகள் உண்டு.

நேர்மை. சொன்ன விகிதத்தில் பணம் திரும்பி வருகிறதா, அடுத்து என்ன விழும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதா.

அனுமதிக்குப் பிறகு. சோதித்த மென்பொருளும் இன்று தளத்தில் ஓடுகிற மென்பொருளும் ஒன்றுதானா. முன்பு மெஷினைத் திறந்து சிப்பை மாற்றினால்தான் ஆட்டம் மாறும். இப்போது சர்வரிலிருந்து ஒரு அப்டேட் போதும்.

வேகம். இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வைக்கும் பணத்தில் சராசரியாக 95 சதவீதம் திருப்பித் தரும் ஸ்லாட் ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 1 பவுண்டு. இரண்டரை வினாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 1,440 சுற்று, சராசரி இழப்பு 72 பவுண்டு. ஐந்து வினாடிக்கு ஒரு சுற்று என்றால் இழப்பு 36 பவுண்டு. இரண்டும் ஒரே கணிதம், ஒரே சான்றிதழ். ஏமாற்றே இல்லாத மெஷின், அவ்வளவு நேர்மையாக இரட்டிப்புப் பணத்தை எடுத்துக்கொள்கிறது. எந்த ஆய்வகச் சோதனையிலும் இது தவறாகக் காட்டாது, ஏனென்றால் தவறு எதுவும் இல்லை.

கையிருப்பு. நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும். லாஸ் வேகஸில் சரியாக ஓடுகிற முறை இரண்டு மூன்று கேசினோ உள்ள ஊருக்கு யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலையாகிவிடும்.

## வழி 1: சொந்த ஆய்வகம் (நெவாடா, நியூ ஜெர்சி)

லாஸ் வேகஸ் இருக்கும் அமெரிக்க மாநிலமான நெவாடா 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது, 1955இல் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தது. அங்கே எந்தப் புது மெஷினும் முன் அனுமதி இல்லாமல் தளத்துக்கு வர முடியாது. கோட்பாட்டளவில் குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும், எண்கள் தற்செயலாகத்தான் விழுகின்றன என்று புள்ளியியல் சோதனையில் தேற வேண்டும். புது ரக மெஷின் என்றால் ஒரு கேசினோவில் கொஞ்ச காலம் சோதனை முறையில் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு.

வாரிய ஆள் தளத்தில் செய்யும் சோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் இந்த முறையின் பலமும் பலவீனமும் சேர்ந்தே புரியும். அனுமதி கொடுத்த மென்பொருளுக்கு ஹாஷ் எனப்படும் ஒரு நீளமான எண்-எழுத்துக் குறி கணக்கிட்டு வைத்திருப்பார்கள். நிரலில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் இந்தக் குறி முற்றிலும் வேறாக வரும். ஆள் போய் மெஷினைத் திறப்பார், உள்ளே ஓடுகிற மென்பொருளின் குறியை எடுப்பார், கையில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிடுவார். பொருந்தினால் சரி, சீல் ஒட்டி மூடிவிட்டுப் போவார். பழைய காலத்தில் சிப்பையே கழற்றி ஒரு கருவியில் வைத்துப் பார்ப்பார்கள்.

கேள்வி இதுதான்: அந்தக் கருவியையே ஒருவர் மாற்றிவிட்டால்? 1990களில் நெவாடா வாரியத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் அதைத்தான் செய்தார். சோதனை செய்யப் போகும்போதே மெஷினுக்குள் தன் நிரலை ஏற்றிவிட்டு வருவார். பிறகு கூட்டாளிகள் போய் குறிப்பிட்ட வரிசையில் காசு போட்டால் மெஷின் கொட்டும். 1995 ஜனவரியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில், எந்த எண்கள் விழும் என்று ஊகிக்கும் கீனோ ஆட்டத்தில் கூட்டாளி 1 லட்சம் டாலர் ஜெயித்து, அங்கே சந்தேகம் எழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நிரலைப் படிக்கத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால், அவரைப் பார்த்துக்கொள்ளவும் நிரல் தெரிந்த இன்னொருவர் வேண்டும். சொந்த ஆய்வகத்தின் முதல் மறைமுகச் செலவு இது.

இரண்டாவது செலவு காத்திருப்பு. வரிசை நீண்டால் தயாரிப்பாளர்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார்கள். இந்த நெருக்கடியில்தான் நெவாடாவே 2010களின் தொடக்கத்தில் பதிவு பெற்ற தனியார் ஆய்வகங்களிடம் சோதனை வேலையைக் கொடுத்தது. அனுமதி முத்திரையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது. இந்த வழிக்கு முன்னோடியான மாநிலமே பாதி வேலையை வெளியே தள்ளிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நியூ ஜெர்சி வேறு மாதிரி யோசித்தது. 2011 சீர்திருத்தத்துக்குப் பிறகு, வேறெங்கும் கொடுக்கும் முன்போ அல்லது அதே நேரத்திலோ புதுப் பொருளை எங்களிடம் கொண்டுவந்தால், தகுதி இருந்தால் 14 நாளில் தளத்தில் வைக்கலாம் என்று அறிவித்தார்கள். வேகத்தையே தூண்டிலாகப் போட்டார்கள். 2013 நவம்பரில் ஆன்லைன் கேசினோவைத் தொடங்கியபோதும் பிடியை விடவில்லை: சர்வர் அட்லாண்டிக் சிட்டியில் இருக்க வேண்டும், ஆடுகிறவர் மாநில எல்லைக்குள் இருப்பதை இருப்பிடக் கண்காணிப்பு உறுதி செய்ய வேண்டும். ஆரம்பத்தில் எல்லையோரம் வசித்தவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே "நீங்கள் மாநிலத்துக்கு வெளியே இருக்கிறீர்கள்" என்ற செய்தியைப் பார்த்தார்கள். கிரெடிட் கார்டில் பணம் கட்டப் போனால் பல வங்கிகள் மறுத்தன. போகப் போகச் சரியானது.

முதலில் வருவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2016இல் வீடியோ கேம் போல, ஆடுகிறவரின் திறமையும் சேர்ந்து பணம் தீர்மானிக்கும் மெஷின்கள் அட்லாண்டிக் சிட்டியில் இறங்கின. இளைஞர்களை இழுக்கும் என்று பெரிய எதிர்பார்ப்பு. விதிமுறை எழுதி, ஆய்வகத்தில் புது வகைச் சோதனை உருவாக்கி, எல்லாம் செய்தார்கள். வாடிக்கையாளர் வரவில்லை. ஓடாத பொருளுக்கும் கண்காணிப்பாளர் அதே உழைப்பைச் செலவழிக்கத்தான் வேண்டும்.

எப்போது இது சரி: டஜன் கணக்கில் கேசினோ, அவற்றின் கட்டணத்திலேயே நூற்றுக்கணக்கான ஊழியர்களை வைத்திருக்கும் வசதி, பக்கத்திலேயே மெஷின் தயாரிப்பாளர்கள். இவை மூன்றும் இருந்தால்.

## வழி 2: உரிமம் வாங்கியவரே பொறுப்பு (பிரிட்டன்)

பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் ஆன்லைன் ஆட்டங்களைத் தானே உட்கார்ந்து சோதிப்பதில்லை. தொழில்நுட்பத் தரம் இன்னது என்று எழுதிவைக்கும். வெளியிடும் முன் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்திடம் காட்ட வேண்டும். சின்னச் சின்ன மாற்றங்களை நிறுவனமே சோதித்துக்கொள்ளலாம், வருடத்துக்கு ஒரு முறை தணிக்கை. வெளியிட்ட பிறகும், ஆட்டம் சொன்ன விகிதத்தில் திருப்பித் தருகிறதா என்று நிறுவனம் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் அபராதம், அதற்கு மேல் போனால் உரிமமே போகும்.

இங்கே குறைந்தபட்சத் திருப்பித் தரும் விகிதம் என்று ஒன்று கிடையாது. நியூ ஜெர்சியில் ஸ்லாட்டுக்கு 83 சதவீதம், நெவாடாவில் 75. பிரிட்டனில் விகிதத்தைத் தெரியும்படி போட்டால் போதும். இது எனக்கு ஒப்பாத விஷயம். மெஷின் முன்னால் உட்காரும்போது யார் சதவீதம் படிக்கிறார்கள்?

ஆனால் வேகம் என்ற மூன்றாவது கேள்விக்கு நேரடியாக விடை சொன்னது இவர்கள்தான், அதுவும் பட்ட பிறகு. 2000களின் தொடக்கத்தில் பந்தயக் கடைகளில் ரூலெட் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் நிற்கும் என்று பந்தயம் கட்டுவது) ஆடும் மெஷின்கள் வந்தன. முடிவு கடையில் அல்ல, வெளியே இருக்கும் சர்வரில் தீர்மானமாகிறது, எனவே இது சூதாட்ட மெஷினே அல்ல, பந்தயம்தான் என்பது தொழில் தரப்பின் வாதம். தொழில்நுட்பம் சட்டத்தின் சொற்களுக்கு நடுவே இருந்த சந்தில் புகுந்தது. பிறகு 2005 சட்டம் அவற்றை மெஷின் என்று ஏற்றுக்கொண்டது, ஆனால் 20 வினாடிக்கு ஒரு முறை 100 பவுண்டு வரை வைக்கலாம் என்ற அளவை அப்படியே விட்டது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 180 சுற்று, 18,000 பவுண்டு பந்தயம். சக்கரத்தில் ஒரே ஒரு பூஜ்யம் உள்ள ரூலெட்டில் ஆட்டத்தை நடத்துபவருக்குப் போவது சுமார் 2.7 சதவீதம்தான், கேசினோ ஆட்டங்களிலேயே மிதமான ஒன்று. அப்படியும் சராசரி இழப்பு மணிக்கு 486 பவுண்டு, அதுவும் தெருமுனைக் கடையில். இந்த உச்ச அளவை 2 பவுண்டாகக் குறைக்க 2019 ஏப்ரல் ஆயிற்று. இடையில் எத்தனை குடும்பம் போயிருக்கும் என்பது எந்தச் சோதனை அறிக்கையிலும் இல்லாத செலவு.

அந்தப் பாடம் வீண் போகவில்லை. 2021 அக்டோபரில் ஆன்லைன் ஸ்லாட்டில் இரண்டரை வினாடிக்குக் குறைந்த சுழற்சி கூடாது, தானாக ஓடும் வசதி கூடாது, வைத்ததைவிடக் குறைவாகத் திரும்பி வந்தால் ஜெயித்தது போல இசை போடக் கூடாது என்று விதித்தார்கள். 1 பவுண்டு வைத்து 40 பென்ஸ் வந்தால் மின்னலும் மேளமும் கொட்டுவது நிறுத்தப்பட்டது. 2025 ஜனவரியில் மற்ற கேசினோ ஆட்டங்களுக்கு ஐந்து வினாடி இடைவெளி. அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்லாட் சுற்றுக்கு உச்சம் 5 பவுண்டு, மே மாதம் 18 முதல் 24 வயதுக்காரர்களுக்கு 2 பவுண்டு.

இந்த விதிகளில் எதற்கும் ஆய்வகம் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்டாப்வாட்சை வைத்துப் பார்த்துவிடலாம்.

எப்போது இது சரி: ஆன்லைன் ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் குவியும் பெரிய சந்தை, அபராதம் விதித்தால் நீதிமன்றத்தில் நிற்கும் அமைப்பு, அபராதத்துக்குப் பயப்படும் அளவுக்குப் பெரிய நிறுவனங்கள். சட்டச் செலவுக்குப் பணமில்லாத அதிகாரசபை இந்த முறையை எடுத்தால், உரிமதாரரே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்வதில் போய் முடியும்.

## வழி 3: குறுகிய வாசல் (சிங்கப்பூர்)

சிங்கப்பூர் 2006இல் சட்டம் போட்டு, 2008இல் ஆணையம் அமைத்து, 2010இல்தான் கேசினோவைத் திறந்தது. காவலாளி முதலில், கதவு பிறகு. இரண்டே இரண்டு இடம். தொடக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 2,500 மெஷின்தான் உச்சம். மெஷினுக்கும் அனுமதி வேண்டும், அதைத் தயாரிப்பவருக்கும் வேண்டும். உள்ளூர்க்காரர் உள்ளே போக ஒரு நாளைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினார், 2019இலிருந்து 150 வெள்ளி. ஆன்லைன் கேசினோ கிடையாது. 2014 சட்டம் வெளிநாட்டுத் தளங்களையும் அவற்றுக்குப் போகும் பணத்தையும் தடுக்க அதிகாரம் கொடுத்தது. 2022 ஆகஸ்டில் எல்லாவற்றையும் ஒரே சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். கேசினோவுக்கு ஒரு அலுவலகம், லாட்டரிக்கு இன்னொன்று, ஆன்லைனுக்கு மூன்றாவது என்று இருந்தால், புதுத் தொழில்நுட்பம் எல்லோர் மேசையிலும் தங்கி யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகும். அதை அடைத்தது நல்ல வேலை.

இந்த வழியில் மெஷினைப் பற்றிய கவலை தானாகவே குறைகிறது, ஏனென்றால் பார்க்க வேண்டிய இடம் இரண்டுதான். செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வாசலைக் குறுக்கினால் வெளிநாட்டு ஆப்களோடு ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டும். ஒன்றைத் தடுத்தால் வேறு பெயரில் ஒன்பது வரும். வங்கி, தொலைத்தொடர்பு, போலீஸ் மூன்றும் ஒரே சொல்லுக்குக் கட்டுப்படும் நாட்டில்தான் இது நடக்கும். சிங்கப்பூரில் நடக்கிறது.

## வழி 4: வெளி ஆய்வகச் சான்றிதழை ஏற்பது

பெரும்பாலான சிறு நாடுகளும் மாநிலங்களும் இதைத்தான் செய்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1981இல் தொடங்கிய பி.எம்.எம்., நியூ ஜெர்சியில் 1989இல் தொடங்கிய ஜி.எல்.ஐ. இரண்டும் மெஷின்களைச் சோதிக்கும் தனியார் ஆய்வகங்களில் பெரிய பெயர்கள். ஜி.எல்.ஐ.-11 என்ற தரநிலை மெஷினுக்கு, ஜி.எல்.ஐ.-19 ஆன்லைனுக்கு. "இந்தத் தரத்தில் தேறிய சான்றிதழ் கொண்டுவா" என்று விதியில் ஒரு வரி எழுதினால் போதும். ஆய்வகம் கட்ட வேண்டாம், ஆள் தேட வேண்டாம். தரநிலையைப் புதுப்பிக்கும் வேலையும் அவர்களுடையது.

மறைமுகச் செலவு மூன்று. ஒன்று, பில் கட்டுகிறவர் பொதுவாக மெஷின் தயாரிப்பாளர். அதனால் ஆய்வகம் பொய் சொல்லும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதிகாரசபைக்குச் சந்தேகம் வந்தால் கேள்வி கேட்கும் உறவு யாருக்கும் யாருக்கும் இடையில் என்பது குழம்பிவிடும். இரண்டு, அறிக்கை வந்தால் அதைப் படித்து "இது எங்கள் ஊருக்குப் போதாது" என்று சொல்லவாவது ஒருவர் வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். சான்றிதழ் என்பது சோதித்த நாளின் நிலவரம். 2014 ஜூனில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கேசினோ ஒன்றில் சில மெஷின்கள் கணக்குக்கு மீறிப் பணம் கொடுத்திருப்பதைக் கணக்குப் பிரிவு கண்டுபிடித்தது. கேமராவில் பார்த்தால் ஒருவர் ஒரு கையில் போனைத் திரைக்கு நேராகப் பிடித்துச் சில சுற்றுகள் ஆடுகிறார், போகிறார், திரும்பி வந்து இன்னொரு கை விரலைப் பொத்தானுக்கு மேல் வைத்துக் காத்திருந்து சட்டென்று அழுத்துகிறார். அவர் எடுத்த வீடியோ ரஷ்யாவுக்குப் போய், அங்கே மெஷினின் தற்செயல் எண் வரிசை கணிக்கப்பட்டு, எப்போது அழுத்துவது என்பது போனின் அதிர்வாகத் திரும்பி வந்தது. மெஷினில் யாரும் கை வைக்கவில்லை. ஹாஷ் எடுத்துப் பார்த்தால் அச்சாகப் பொருந்தியிருக்கும். அது தேறிய காலத்தில் தேறியது சரிதான், உலகம் அதற்குப் பிறகு மாறிவிட்டது. அதைப் பிடித்தது ஆய்வகம் அல்ல, தினக் கணக்கைப் பார்த்த ஒரு ஆள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | சொந்த ஆய்வகம் | உரிமதாரர் பொறுப்பு | குறுகிய வாசல் | வெளிச் சான்றிதழ் |
|---|---|---|---|---|
| நேர்மை | நன்று | நன்று, தணிக்கை இருந்தால் | நன்று | நன்று, அந்த நாள் வரை |
| அனுமதிக்குப் பிறகு | தளச் சோதனை உண்டு | நிறுவனத்தின் சொந்தக் கண்காணிப்பு | எளிது, இடம் குறைவு | தனியாக ஏற்பாடு வேண்டும் |
| வேகம் | கேள்வியே எழுவதில்லை | நேரடி விதி, ஆனால் தாமதம் | நுழைவுக் கட்டணம் வழியாக ஓரளவு | இல்லை |
| ஆள், பணம் | மிக அதிகம் | சட்டச் செலவு அதிகம் | தடுப்பு வேலை அதிகம் | குறைவு |
| முக்கிய ஆபத்து | உள்ளே இருப்பவரே | விதி வரும் முன் நடக்கும் சேதம் | வெளிநாட்டு ஆப் | அறிக்கையைப் படிக்க ஆளில்லாமை |

## அப்போ கொழும்புக்கு எது?

என் கருத்தை மறைக்கப் போவதில்லை. கேசினோ எண்ணிக்கை கைவிரலுக்குள் அடங்கும் இடத்தில் சொந்த ஆய்வகம் வீண் செலவு. மெஷினின் நேர்மைக்கு நான்காவது வழி போதும், ஒரு திருத்தத்தோடு: ஆய்வகத்தை அதிகாரசபை தேர்ந்தெடுக்கட்டும், கட்டணம் அதிகாரசபை வழியாகப் போகட்டும், அறிக்கை நேராக அதிகாரசபைக்கே வரட்டும். கூடவே, நெவாடாவிலோ நியூ ஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ ஒரு வருடமாவது ஓடிய மாதிரிகளை மட்டும் உள்ளே விடலாம். முதல் ஆளாக அனுமதிப்பதில் சிறிய நாட்டுக்கு என்ன லாபம்?

வேகத்துக்கு பிரிட்டனின் விதிகளை முதல் நாளிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே லாபம் பார்க்க ஆரம்பித்தவரிடம் போய் வேகத்தைக் குறை என்பது எவ்வளவு கஷ்டம் என்று பிரிட்டனைக் கேட்டால் தெரியும். கடையைத் திறக்கும் முன் சொன்னால் யாரும் பெரிதாக முணுமுணுக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு: மத்தியச் சட்டம் வருவதற்கு முன் தமிழ்நாடு ஆன்லைன் பண ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஓய்வு நேரம் விதித்தது, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நிரலைத் தொடாத, மலிவான, யாரும் சரிபார்க்கக்கூடிய விதி.

பணத்தை ஆய்வகக் கட்டடத்தில் போடாமல் இரண்டு வகை ஆட்களில் போட வேண்டும். தளத்துக்குப் போய் ஹாஷ் ஒப்பிடுகிறவர்கள், மெஷின்கள் தினமும் அனுப்பும் வரவு செலவுப் பதிவை உட்கார்ந்து படிக்கிறவர்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. நெவாடா பொறியாளர் கதை அதற்காகத்தான். நியூ ஜெர்சி 2023இலிருந்து நிறுவனங்களிடம் இருக்கும் ஆட்டப் பதிவுகளையே வைத்து, கட்டுப்பாடு இழந்து ஆடுகிறவர்களை அடையாளம் காணச் சொல்கிறது. பதிவைப் படிக்கத் தெரிந்த ஆள் இருந்தால் இதையும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆன்லைன் உரிமம் மட்டும் தனிக் கதை. அங்கே அப்டேட் தினமும் நடக்கும், சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதே முதல் தகராறாக இருக்கும். சர்வரின் நகல் பதிவு கொழும்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், அதைத் திறந்து பார்க்கும் ஆட்களும் தயாராகும் வரை அந்த விண்ணப்பங்களை எடுக்காமல் வைப்பதே நல்லது. உரிமக் கட்டணம் ஒரு வருடம் தள்ளிப் போகும். திறைசேரி முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.